கார்க்கியின் பல்கலைக்கழகங்கள்

முறையான கல்வி வாய்க்கப் பெறாத எழுத்தாளர் ஒருவரைப் பாராட்டும் மேடைகளில், 'இவர் அநுபவம் என்னும் பல்கலைக்கழகத்திலே பயின்றவர்' என்று கூறுவது நம்மிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அவ்வாறு கூறுவோரிற் பெரும்பாலோர் அடுத்த மூச்சில் மாக்சிம் கார்க்கியின் பெயரை உச்சரிப்பர். தம் தன்வரலாற்று நூல்களில் மூன்றாவதற்கு 'எனது பல்கலைக்கழகங்கள்' என அவர் பெயரிட்டதே இதற்குக் காரணம். தெருவும் துறைமுகமும் பேக்கரியும் அவருக்குப் பல்கலைக்கழகங்களாயின. வாழ்க்கையே அவருக்கு ஆசானாயிற்று. ஆகவே அநுபவமே உயர்ந்த கல்வி என்பது இவர்களது வாதம். கேட்பதற்கு இது இனிமையானது. உண்மையான பல்கலைக்கழகத்துள் அமர்ந்திருக்கும் நமக்கு ஓரளவு குற்றவுணர்வையும், அதனைத் தணிக்கும் ஒருவகை அடக்கத்தையும் தரவல்லது. ஆயினும் மூன்று நூல்களையும் தொடர்ச்சியாகப் படிப்பவர்க்கு, அவை இக்கூற்றை நிறுவுவதற்காக எழுதப்பட்டனவா, மறுப்பதற்காக எழுதப்பட்டனவா என்னும் ஐயம் எழாமற் போகாது. மறுப்பதற்காகவே என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

அலெக்ஸெய் மக்ஸிமோவிச் பெஷ்கோவ் 1868இல் வோல்கா நதிக்கரையிலுள்ள நீஷ்னி நோவ்கரத் நகரிலே பிறந்தவர். 'கசப்பு' எனப் பொருள்படும் 'கார்க்கி' என்ற புனைபெயரை 1892இல், முதற் சிறுகதையான 'மக்கார் சுத்ரா' வெளிவந்தபோது சூட்டிக்கொண்டார். தன்வரலாற்று நூல்களில் முதலாவதாகிய குழந்தைப் பருவம் பற்றிய நூல் 1913-14இலும், பிழைப்புத் தேடி மனிதரிடையே அலைந்த காலத்தைக் கூறும் இரண்டாவது நூல் 1915-16இலும், மூன்றாவது நூல் 1923இலும் வெளிவந்தன. முதலிரண்டும் புரட்சிக்கு முந்தியவை, மூன்றாவது பிந்தியது. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் 'தாய்' நாவலைப் படித்து, மாஸ்கோவிலிருந்து வந்த மலிவுப் பதிப்புகளைக் கைமாற்றிக்கொண்ட ஈழத்து வாசகத் தலைமுறைகள் இந்த மூன்றையும் அறிந்தேயிருந்தன. ஆனால் 'தாய்' நாவலைப் படித்த கண்கொண்டே இவற்றையும் படித்தன. துன்பம் மனிதனைப் புடம்போடும், புடம்போட்ட மனிதன் போராளியாவான் என்ற சூத்திரத்தை முன்கூட்டியே கையில் வைத்திருந்தவர்க்கு, நூலிலுள்ள துன்பங்கள் மாத்திரமே கண்ணிற்பட்டன.

முதல் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் நிகழ்ச்சியொன்றை இங்கு சற்று நின்று நோக்குதல் தகும். தந்தை வாந்திபேதியால் இறந்தபின், தாயுடன் பாட்டன் காஷிரினின் வீட்டுக்கு வந்து சேர்கிறான் சிறுவன் அலெக்ஸெய். பாட்டன் சாயப்பட்டறை முதலாளி. சனிக்கிழமை தோறும், வாரத்திற் குற்றமிழைத்த பிள்ளைகளை வரிசையாகக் கிடத்திப் பிரம்பால் அடிப்பது அவ்வீட்டு வழக்கம். சித்தப்பனோ பெரியப்பனோ அல்ல, குடும்பத் தலைவரே இதனை நடத்துவார். தாய்மாமன் மகன் ஸாஷாவின் தூண்டுதலால், திருநாட்களில் விரிக்கும் வெள்ளை மேசைவிரிப்பை நீலச் சாயத்தில் தோய்த்துவிடுகிறான் அலெக்ஸெய். உணர்விழக்கும்வரை அடிக்கப்பட்டு, பல நாட்கள் நோய்ப்படுக்கையிற் கிடக்கிறான். அந்நாட்களைத் தம் வாழ்வின் பெருநாட்களாகக் கார்க்கி குறிப்பிடுகிறார். தம் இதயத்தின் தோல் உரிந்துபோனதுபோல, தமக்கும் பிறர்க்கும் நேரும் எந்த நோவையும் அவமதிப்பையும் தாங்கவொண்ணாத கூருணர்வு அப்போதுதான் தம்முள் எழுந்ததென்கிறார்.

அநுபவவாதிகள் மகிழ்ந்து மேற்கோள் காட்டத்தக்க இடம் இது. அடி கற்பித்துவிட்டதல்லவா? ஆயினும் அதே சனிக்கிழமையில் அதே பிரம்பால் ஸாஷாவும் அடிபட்டான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அடுத்தவனைக் காட்டிக்கொடுப்பதையும் அடிக்குமுன்னே கெஞ்சுவதையுமே அவன் கற்றான். ஒரே பிரம்பு, ஒரே வீடு, ஏறத்தாழ ஒரே வயது, விளைவோ இரண்டு. அடியே ஆசானாயின் இரு மாணாக்கரும் ஒரே பாடத்தையன்றோ கற்றிருத்தல் வேண்டும்? இவ்வேறுபாட்டுக்கான காரணத்தைக் கார்க்கி விளக்கிச் சொல்லவில்லை, காட்சியாகவே அமைத்துவிடுகிறார். பட்டறைத் தொழிலாளியான ஸிகனோக் என்னும் இளைஞன், பிரம்பு முறியட்டும், பையனுக்கு அடி குறையட்டும் என்று தன் கையை இடையில் நீட்டியிருக்கிறான். தடித்துச் சிவந்த அக்கையைப் படுக்கையருகே வந்து சிறுவனுக்குக் காட்டுகிறான். பாட்டியோ அந்த வீட்டின் இருளுக்குள் கதை சொல்லிக்கொண்டே இருப்பவள். அடியைத் தாங்கிய முதுகு அலெக்ஸெயுக்கும் ஸாஷாவுக்கும் பொது. அந்தக் கையும் அந்தக் கதைகளும் பொதுவாக அமையவில்லை.

இவ்விடத்திலேயே கார்க்கி இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்கிறார். அடித்த பாட்டனும் படுக்கையருகே வருகிறார். இனிப்புப் பண்டமும் அப்பிளும் கொண்டுவருகிறார். வேற்றார் அடித்தால் அது அவமானம், தன்னவர் அடித்தால் அது படிப்பினை என்று பேரனுக்கு உபதேசிக்கிறார். தாமும் அவ்வாறு அடிபட்டே மனிதரானதாகக் கூறுகிறார். இளமையில் வோல்கா நதியின் கரையோரமாகக் கயிற்றைத் தோளிலிட்டுப் படகிழுத்த கூலி அவர்; மும்முறை அந்நதியின் நீளத்தைக் காலால் அளந்தவர். அக்கதையைச் சொல்லச் சொல்ல, அந்தச் சிறிய, வற்றிய கிழவர் சிறுவனின் கண்முன் பூதாகாரமாக வளர்கிறார். வாசகனும் அவரை வெறுக்க முடியாமல் தவிக்கிறான்.

'அநுபவமே ஆசான்' என்ற கொள்கையை இந்நூல்களில் வாய்விட்டு உரைப்பவர் யாரென வினவுவோமாயின் விடை இதுதான்: பாட்டன் காஷிரின். நூலிலுள்ள பாத்திரங்களுள் அவரைவிட அநுபவம் மிக்கவர் எவருமிலர். வறுமை, கூலியுழைப்பு, உயர்வு, செல்வம், மீண்டும் வீழ்ச்சி என அனைத்தையும் கண்டவர். அவ்வநுபவம் அவருக்குக் கற்பித்தது யாது? உலோபம், சந்தேகம், அடிப்பதற்கு ஒரு நியாயம். தாம் பட்ட அடிகளைப் பயனற்றவை என ஒப்புக்கொள்ள அவரால் இயலவில்லை; ஆகவே அவற்றைக் கல்வி என்கிறார். கல்வி என்றபின் அடுத்த தலைமுறைக்கு அதனை வழங்காதிருப்பது எங்ஙனம்? மகள் இறந்தபின், பத்துப் பதினொரு வயதுப் பேரனைத் தம் கழுத்திலே தொங்கவிட்டிருக்க அவன் பதக்கமல்லன் என்று கூறி, மனிதரிடையே போய்ப் பிழைக்குமாறு அனுப்பிவிடுவதும் அதே தர்க்கத்தின் தொடர்ச்சியே. (இக்கிழவரே பேரனுக்கு எழுத்தறிவித்தவர் என்பதையும் கார்க்கி மறைக்கவில்லை. நேர்மையான நூல்களுக்கு இத்தகைய சிக்கல்கள் உண்டு.)

பாட்டியையும் கார்க்கி முற்றாக விட்டுவைக்கவில்லை. அவளது அன்பும் கதைவளமும் இல்லாவிடின் தாம் இல்லை என்பதை உணர்ந்தவர் அவர். ஆயினும் அடிகளை அவள் ஏற்றுக்கொண்ட பொறுமை அவரைக் கொதிப்படையச் செய்கிறது. புறச்சூழலின் வலிமைக்குப் பணிந்துபோகும் பொறுமையைப்போல மனிதனை உருக்குலைப்பது பிறிதொன்றில்லை என்பது இரண்டாம் நூலில் அவர் வெளியிடும் கருத்து. பொறுமையைப் பெண்ணுக்கும் ஏழைக்கும் அணிகலனாக்கிப் பழகிய நம் சமூகத்தில் இக்கருத்து போதிய கவனத்தைப் பெறவில்லை.

இரண்டாம் நூல் மூன்றனுள்ளும் தளர்ச்சியானது. செருப்புக்கடை, படவரைஞர் வீடு, கப்பல், திருவுருவப் படங்கள் எழுதும் பட்டறை என இடங்கள் மாறுகின்றன. மனிதர் வருகின்றனர், போகின்றனர். ஒரே வகைக் கொடுமைகள் திரும்பத் திரும்ப வருவதாற் சலிப்பும் தட்டுகிறது. ஆனால் அச்சலிப்பின் நடுவே புத்தகம் நுழைகிறது. 'தோப்ரி' என்ற நீராவிக் கப்பலிற் பாத்திரம் கழுவும் பையனாக இருந்தபோது, சமையற்காரன் ஸ்மூரி தன் பெட்டியிலுள்ள புத்தகங்களை உரக்கப் படிக்குமாறு அவனைப் பணிக்கிறான். பருத்த உடலும் முரட்டுச் சொல்லுமுடைய அம்மனிதன், கோகலின் 'தாராஸ் புல்பா'வைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கிறான். கற்பித்தவனுக்கும் கற்பவனுக்கும் இடையே இங்கு ஏற்றத்தாழ்வில்லை. படிக்கத் தெரிந்தவன் பையன். படிப்பு எதற்கு என்று தெரிந்தவன் சமையற்காரன்.

படவரைஞர் வீட்டில் நடந்தது இதனினும் கூர்மையானது. புத்தகத்தில் ஆழ்ந்திருந்த பையன் சமோவாரைக் கவனியாது விட்டுவிட, நீர் வற்றி அது பழுதாகிவிடுகிறது. வீட்டுக் கிழவி பைன்மரச் சுள்ளிக்கட்டால் அவனை அடிக்கிறாள். முதுகிற் பதிந்த சிராய்களை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கியெடுக்கிறார். இதனைச் சித்திரவதையாகப் பதிந்து முறையிடலாம் என்கிறார். பையன் முறையிட மறுக்கிறான். வீட்டார் நிம்மதியடைந்த அத்தருணத்தைப் பயன்படுத்தி, அயலிலுள்ள தையற்காரரின் மனைவியிடம் புத்தகம் இரவல் வாங்க அநுமதி பெற்றுக்கொள்கிறான். முதுகைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிய இவ்வாணிபத்தை, சிராய்கள் அவனுக்குப் பாடம் புகட்டின என்று யாரேனும் வருணிப்பாராயின், அவர் கிழவியின் கட்சியைச் சேர்ந்தவரே.

இவ்விடத்தில் டொமினிக் ஜீவாவை நினையாதிருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் இருந்துகொண்டே 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கியவர் அவர். 1999இல் வெளிவந்த 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' அவரது வாழ்க்கை வரலாறு. அவரைப் பற்றிப் பேசுகையிலும் அநுபவப் பள்ளி, வாழ்க்கைப் பல்கலைக்கழகம் என்ற சொற்கள் தாராளமாக வந்து விழுகின்றன. சாதியின் பெயரால் ஒருவரை வகுப்பறையிலிருந்து அகற்றிய சமூகம், பின்னர் அவர் தாமாகவே தேடிக்கொண்ட வாசிப்பையும் தோழமையையும் மறைத்து, அகற்றப்பட்டதையே அவருக்குக் கிடைத்த பெருங்கல்வியாகப் போற்றுவதில் ஒரு வசதியிருக்கிறது. அவ்வசதியை விமரிசகர்கள் சுட்டிக்காட்டியிருத்தல் வேண்டும். நாம் பெரும்பாலும் கைதட்டினோம்.

மூன்றாம் நூலுக்கு வருவோம். 1884இல், பதினாறு வயதில், பல்கலைக்கழகத்திற் சேரும் கனவோடு கஸான் நகருக்கு வருகிறார் கார்க்கி. நீ கல்விக்கென்றே பிறந்தவன் என்று ஊக்கியழைத்து வந்த நண்பனின் தாய், சொற்ப உதவிப்பணத்தில் இரு மக்களுக்கும் உணவளிக்கத் திண்டாடுவதைக் காண்கிறார். அவள் உருளைக்கிழங்கைத் தோலுரிக்கும் விதத்திலேயே அவ்வீட்டின் கணக்கு அவருக்கு விளங்கிவிடுகிறது. அந்தப் பாண் துண்டு தொண்டையிற் கல்லாக அடைக்க, காலையிலேயே வெளியேறிவிடுகிறார். பின்னர் வோல்காத் துறையிற் சுமைதூக்கல். அதன்பின் செம்யோனவின் நிலக்கீழ்ப் பேக்கரி. 1899இல் வெளிவந்த 'இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்' என்ற கதையின் களம் இத்தகைய பேக்கரியே.

நூலின் தலைப்பிலுள்ள கசப்பை நாம் தவறவிட்டுவிட்டோம். பல்கலைக்கழகம் எனக்கு வேண்டியிருக்கவில்லை என்று கார்க்கி ஓரிடத்திலேனும் பெருமை பேசவில்லை. அது அவருக்கு வேண்டியிருந்தது; கிடைக்கவில்லை. கிடைக்காமற் போனதும் தற்செயலன்று. சாரட்டோட்டிகள், சமையற்காரிகள், சலவைக்காரிகள் போன்றோரின் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிகளிற் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சுற்றுநிருபத்தை ஸார் அரசின் கல்வியமைச்சர் 1887இலேயே வெளியிட்டார். 'சமையற்காரியின் பிள்ளைகள் பற்றிய சுற்றுநிருபம்' என்று வரலாறு அதனைப் பரிகசிக்கிறது. அக்காலத்துக் கதவடைப்பைப் பின்னணியில் வைத்து நோக்கினால், 'பல்கலைக்கழகங்கள்' என்ற பன்மை ஒரு பட்டமளிப்பன்று. மூடிய கதவின்மீது எழுதிய எள்ளற் குறிப்பு.

கஸான் மாணவர்களைப் பற்றி அவர் எழுதியவையும் நம் போன்றோர் படிக்கவேண்டியவையே. தெரென்கவின் மளிகைக்கடைப் பின்னறையில் மறைவாக ஒரு நூலகம். அங்கு கூடும் மாணவர்கள் மக்களை நேசித்தார்கள், மக்களுக்காகச் சிறைசெல்லவும் ஆயத்தமாக இருந்தார்கள். ஆனால் மக்களுள் ஒருவனாகத் தம்மிடையே வந்து அமர்ந்த பேக்கரித் தொழிலாளியை, தெருவிற் கண்டெடுத்த செப்புக்காசைச் சிறுவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவதுபோலப் பெருமையுடன் காட்டினார்கள். அவனது அநுபவத்தை வியந்தார்கள். அவனுடைய கேள்விகளுக்குப் பொறுமையிழந்தார்கள். கார்க்கி இதனை நகைச்சுவையோடு, ஓரளவு நன்றியுணர்வோடுங்கூடத்தான் எழுதுகிறார். காயம் ஆறவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

இனி, நூலின் மையமாக இக்கட்டுரையாசிரியர் கருதும் பகுதி. பேக்கரியில் வேலைசெய்துகொண்டிருக்கும்போது பாட்டி இறந்த செய்தி கடிதமூலம் வருகிறது. கோயில் வாயிலிற் பிச்சையெடுக்கையில் விழுந்து காலொடிந்து இறந்து, அடக்கஞ்செய்து ஏழு வாரங்களாகிவிட்டன. அவர் அழவில்லை. அவளைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும் என்ற தவிப்பு மாத்திரம் எழுகிறது, சொல்ல ஒருவருமில்லை. பல்லாண்டுகள் கழித்துச் செகாவின் கதையொன்றைப் படிக்கிறார். இறந்த மகனைப் பற்றிக் கேட்பாரின்றித் தன் குதிரையிடம் சொல்லும் வண்டிக்காரனின் கதை அது. தமக்கு அன்று ஒரு குதிரையோ நாயோ இல்லாது போயிற்றே என்றும், பேக்கரியில் நிறைந்திருந்த எலிகளிடமாவது சொல்லத் தோன்றாது போயிற்றே என்றும் அப்போது வருந்துகிறார். பட்டது அவரே, பட்டது இன்னதென்று அவருக்குத் தெரிவித்ததோ வேறொருவர் எழுதிய கதை. இடையே கழிந்த ஆண்டுகளெல்லாம் அத்துயரம் கற்பியாமலே கிடந்தது.

அதே 1887இன் டிசெம்பர் மாதத்தில் அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொள்கிறார். குண்டு இதயத்திற்குத் தப்பி நுரையீரலைத் துளைத்தது. கஸான் பல்கலைக்கழக மாணவர் கிளர்ச்சியும், அதிற் பங்குகொண்ட விளாதிமிர் உல்யானவ் என்ற மாணவன், பிற்காலத்து லெனின், வெளியேற்றப்பட்டதும் இதே மாதத்தில்தான். வரலாற்றாசிரியர்கள் இந்தப் பொருத்தத்தைப் பெரிதுபடுத்துவர். இலக்கிய மாணவன் கவனிக்கவேண்டியது வேறு. வாழ்வின் மிகப் பெரிய அநுபவம் எனத்தக்க இந்நிகழ்ச்சியைக் கார்க்கி சில வரிகளில் முடித்துவிடுகிறார். அதனை விளக்க முயன்று 1912இல் எழுதிய 'மக்காரின் வாழ்வில் ஒரு சம்பவம்' என்ற கதை தோற்றுவிட்டது, அதில் அகவுண்மை இல்லை என்று தாமே தீர்ப்பும் வழங்கிவிடுகிறார். ஒரு மாதங் கழித்து, வெட்கத்தோடும் தம் மடமையை உணர்ந்தும் மீண்டும் பேக்கரி வேலைக்குத் திரும்பியதைக் குறிப்பிடுகிறார், அவ்வளவே. இதிலிருந்து இன்னது கற்றேன் என்று ஒரு வாக்கியம் எழுதுவது அவருக்குக் கடினமன்று. ஐம்பத்தைந்து வயதுப் புகழ்பெற்ற எழுத்தாளரிடம் வாசகர்களும் அதனையே எதிர்பார்த்திருப்பர். அவர் எழுதவில்லை. தன்வரலாறு எழுதும் எத்தனை பேருக்கு இத்துணிவு உண்டு?

சூழலை எதிர்த்து நிற்பதே மனிதனை ஆக்குகிறது என்பதை மிக இளமையிலேயே உணர்ந்ததாக இந்நூலின் முற்பகுதியில் அவர் கூறுகிறார். நம்மவர்கள் இக்கூற்றை அறிவார்கள். ஆனால் 'சூழல் மனிதனை ஆக்குகிறது' என்பதன் மறுபதிப்பாகவே அதனைப் புரிந்துகொண்டுள்ளனர். இரண்டும் நேர்முரணானவை. மனிதனை ஆக்குவது அடியென்பது ஒன்று. அடியை ஏற்க மறுப்பதென்பது மற்றொன்று. மறுப்பதற்குத் துணை வேண்டும். 1888இல் கிரஸ்னவீதவா கிராமத்துக்கு அவரை அழைத்துச் சென்ற ரோமஸ் அத்தகைய துணை. சைபீரிய நாடுகடத்தலிலிருந்து மீண்ட அம்மனிதர், கிராமத்தவர் தம் கடையைக் கொளுத்தியபின்னரும், அவர்களைக் கண்டிப்பதற்கு அவசரப்படாதே, அதுவே எல்லாவற்றிலும் எளிய செயல் என்கிறார். தீயிலிருந்து கார்க்கி நேரடியாகக் கற்றிருக்கக்கூடியது வெறுப்பொன்றே. அதனைத் தடுத்தது பக்கத்திலிருந்த ஒரு குரல்.

கட்டுரையை இங்கே நிறுத்திவிடலாம். நம் முன்னோர் பலர் இங்கேதான் நிறுத்தினார்கள். அவர்கட்குக் கிடைத்த தகவல்களும் அவ்வளவே. இன்று அவ்வாறு நிறுத்துவது நேர்மையாகாது. 1929 ஜூன் மாதத்தில், உலகப் புகழுடன் நாடு திரும்பியிருந்த கார்க்கி, வெண்கடலிலுள்ள ஸொலவெத்ஸ்கித் தீவுகளின் சிறைமுகாமைப் பார்வையிட்டு, அதனைப் போற்றிக் கட்டுரை எழுதினார். 1931 முதல் 1933 வரை கைதிகளின் கட்டாய உழைப்பால் வெண்கடல் - பால்டிக் கால்வாய் வெட்டப்பட்டது. குளிராலும் பசியாலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அக்கால்வாயைப் புகழ்ந்து எழுத்தாளர் பலர் கூட்டாக எழுதிய நூல் 1934இல் வெளிவந்தபோது, அதன் பதிப்பாசிரியருள் முதன்மையானவர் கார்க்கி. கைதிகள் உழைப்பால் உருக்கி வார்க்கப்பட்டுப் புதிய மனிதராயினர் என்பதே அந்நூலின் செய்தி. துன்பம் கல்வியாயிற்று, முகாம் பள்ளியாயிற்று.

இதனைத் துரோகம் என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவோரும் உளர். முதுமை, நிர்ப்பந்தம் என மன்னிப்போரும் உளர். இலக்கிய விமரிசனம் வினவவேண்டியது, 1934இன் நூலில் ஒலிப்பது யாருடைய குரல் என்பதையே. வேற்றார் அடித்தால் அவமானம், தன்னவர் அடித்தால் படிப்பினை. ஸார் அரசு நாடுகடத்தினால் கொடுமை, தொழிலாளர் அரசு மண்வெட்டச் செய்தால் மறுபிறப்பு. 1913இல் எந்தக் கிழவரின் வாயில் வைத்து இத்தர்க்கத்தைக் கார்க்கி அத்துணைத் தெளிவாக அம்பலப்படுத்தினாரோ, அந்தக் கிழவர் இருபது ஆண்டுகளின்பின் பேரனின் மேசையில் வந்து அமர்ந்துவிட்டார். கையில் இனிப்புப் பண்டமும் இருக்கிறது. ஆனால் இம்முறை பிரம்பின் குறுக்கே நீட்டப்பட்ட கை எதுவும் நூலில் இல்லை. படுக்கையிற் கிடப்பவன் என்ன நினைக்கிறான் என்பதும் இல்லை.

கார்க்கி 1936இல் மறைந்தார். கால்வாய் நூல், அதிற் புகழப்பட்ட அதிகாரிகள் சிலரே கைதானமையால், 1937இல் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. சாயப்பட்டறை வீட்டின் சனிக்கிழமை இன்றும் அச்சில் இருக்கிறது.